ரோஜாப்பூ கொடுத்த ரவுடியும் நாம் மறந்த மிர் ஆலமும்

போன ஒக்டோபர் 2ஆம் திகதி, தரம் 11 பிள்ளைகளிடம் சும்மா கேட்டேன். "காந்தியைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்?"

பின்வாங்கில் இருந்து ஒருவன் எழும்பினான். "சேர், அவர் எதிரிகளுக்கு ரோசாப்பூக் குடுத்துக் குடுத்தே வெள்ளக்காரன வெரட்டின."

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கே படித்தாய் என்று கேட்டேன். படிக்கவில்லை, மாமாவின் போனில் ஒரு ஹிந்திப் படம் பார்த்ததாம். அதில் ஒரு ரவுடியின் கண்ணுக்கு மட்டும் காந்தி தெரிவாராம். அவர் சொல்லித்தான் அந்த ரவுடி வில்லனுக்குப் பூ அனுப்புவானாம்.

படம் எது என்று எனக்குப் புரிந்துவிட்டது. 'லகே ரஹோ முன்னா பாய்'. கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில், விடுதி அறையில் ஒரு லெப்டொப்பைச் சுற்றி எட்டுப் பேர் குந்தியிருந்து பார்த்த படம். ஆனால் அந்தப் பிள்ளையின் பதில் இரண்டு நாளாக என்னை விடவில்லை. காந்தி தன் வாழ்நாளில் யாருக்காவது ரோஜாப்பூக் கொடுத்துப் போராட்டம் நடத்தினாரா? இல்லை. பூ படத்தில் வந்தது. படம் வந்து பத்தொன்பது வருடமாகியும் பிள்ளையின் மனதில் வரலாறாக நிற்பது அந்தப் பூதான்.

ஒரு சிரிப்புப் படத்தின் இரண்டாம் பாகம் எப்படி இந்த அளவுக்குப் போனது? மக்கள் அதில் எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டுவிட்டார்கள்? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதல் பாகம் 'முன்னா பாய் எம்.பி.பி.எஸ்'. 2003 டிசெம்பரில் வந்தது. இயக்கியவர் ராஜ்குமார் ஹிரானி. தயாரிப்பு விது வினோத் சோப்ரா. ஆள் கடத்திப் பணம் பறிக்கும் பம்பாய் ரவுடி ஒருவன் மருத்துவக் கல்லூரிக்குள் புகுந்து டொக்டராகப் பார்க்கிறான். மருந்தால் ஆகாததைக் கட்டிப்பிடித்துக் குணமாக்குகிறான். நம்மில் பலர் இதை ஹிந்தியில் பார்த்திருக்க மாட்டோம். 2004இல் கமல்ஹாசன் நடித்து வந்த 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்' இதன் தமிழ்தான். கட்டிப்பிடி வைத்தியம் என்ற சொல் அதிலிருந்துதான் நம் வாயில் ஒட்டிக்கொண்டது.

இப்படி ஒரு படம் ஓடினால் இரண்டாம் பாகம் எப்படி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதே ரவுடி, அதே கூட்டாளி, அதே கட்டிப்பிடி. இம்முறை சட்டக் கல்லூரி என்று மாற்றினால் போதும். அப்படி எடுத்து விழுந்துபோன இரண்டாம் பாகங்கள் எத்தனையோ.

ஹிரானி அப்படிச் செய்யவில்லை. முன்னாவும் சர்க்கிட்டும் இருந்தார்கள். ஆனால் முதல் கதையின் தொடர்ச்சி அல்ல, முற்றிலும் வேறு கதை. கதையின் நடுவில் கொண்டுவந்து வைத்ததோ காந்தியை. 2006 செப்டெம்பர் 1ஆம் திகதி படம் வெளியானது.

கதை இதுதான். வானொலி அறிவிப்பாளர் ஒருத்தியின் குரலில் முன்னா மயங்கிக் கிடக்கிறான். காந்தி பிறந்த நாளுக்கு அவள் ஒரு வினாவிடைப் போட்டி வைக்கிறாள். வென்றால் அவளை நேரில் சந்திக்கலாம். முன்னாவுக்குக் காந்தியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. சர்க்கிட் என்ன செய்கிறான்? பேராசிரியர்களைக் கடத்திக்கொண்டு வந்து விடை சொல்ல வைக்கிறான். காந்தியைப் பற்றிய போட்டியை ஆள் கடத்தி வெல்வது! படத்தின் முழுக் கிண்டலும் அந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

வென்ற பிறகு, தான் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் என்று அவளிடம் பொய் சொல்கிறான். அவள் தன் வீட்டில் வாழும் முதியவர்களுக்குக் காந்தியைப் பற்றிப் பேசச் சொல்கிறாள். வேறு வழியில்லாமல் நூலகத்தில் இரவு பகலாக இருந்து வாசிக்கிறான். அப்போதுதான் காந்தி அவன் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறார். பிறகு ஒரு காணி வியாபாரி அந்த முதியவர்களின் வீட்டைப் பறித்துக்கொள்ள, காந்தியின் ஆலோசனைப்படி முன்னா அவனுக்கு அடி கொடுக்காமல் பூ அனுப்புகிறான். நீ நோயாளி, சீக்கிரம் குணமாகு என்பது அதன் பொருள்.

இதற்குப் படம் வைத்த பெயர் 'காந்திகிரி'. ரவுடித்தனத்துக்கு ஹிந்தியில் தாதாகிரி என்பார்கள். அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டதுதான் இது.

இனி, சனங்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பாருங்கள்.

டில்லி அரசாங்கம் படத்துக்கு வரிவிலக்குக் கொடுத்தது. ஒக்டோபர் மாதம் பிரதமர் மன்மோகன் சிங் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் சத்தியாக்கிரக நூற்றாண்டு விழாவில் பேசும்போது, தன் நாட்டில் அந்நேரம் மக்கள் விரும்பிப் பார்க்கும் படம் காந்தியின் செய்தியைப் பற்றியது என்று குறிப்பிட்டார். நவம்பர் 10ஆம் திகதி நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் படம் திரையிடப்பட்டது. அடுத்து தேசிய விருதுகள் நான்கு. காந்தியாக வந்த திலீப் பிரபாவல்கருக்கும் அதில் ஒன்று.

இவையெல்லாம் மேலே நடந்தவை. கீழே நடந்ததுதான் புதினம். லக்னோவில் ஒரு மதுக்கடைக்கு எதிராக மக்கள் கல்லோடு போகாமல் பூவோடு போனார்கள். கடனில் மூழ்கி விவசாயிகள் உயிரை மாய்த்துக்கொண்டிருந்த விதர்பாவில், விவசாயிகள் காந்திகிரி என்ற பெயரிலேயே போராட்டம் செய்தார்கள்.

கடல் தாண்டியும் போனது. 2007 ஜூலையில் அமெரிக்கக் குடிவரவுத் திணைக்களம், நிரந்தர வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று முதலில் அறிவித்துவிட்டு, ஆட்கள் ஆவணங்களோடு தயாரான பிறகு கதவை மூடிவிட்டது. வருடக்கணக்காக வரிசையில் நின்றவர்களில் இந்தியர்கள் ஏராளம். அவர்கள் ஜூலை 10ஆம் திகதி அந்தத் திணைக்களத்தின் பணிப்பாளருக்கு நூற்றுக்கணக்கான பூங்கொத்துகளை அனுப்பினார்கள். அவர் அவற்றைக் காயப்பட்ட படைவீரர்கள் இருந்த ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிவைத்தார். ஒரு வாரத்தில், ஜூலை 17ஆம் திகதி, திணைக்களம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. பூவால் மட்டும் மாறவில்லை. வழக்கும் அரசியல் அழுத்தமும் சேர்ந்தே வந்தன. ஆனாலும் ஒரு ஹிந்திச் சிரிப்புப் படத்திலிருந்து பிடுங்கிய பூ வாஷிங்டன் வரை போனது உண்மை.

இதை வைத்து, ஒரு படம் நாட்டைத் திருத்திவிட்டது என்று எழுதியவர்களும் உண்டு. நான் அப்படி எழுத மாட்டேன்.

முன்னாவாக நடித்த சஞ்சய் தத்தின் கதையைப் பாருங்கள். 1992 டிசெம்பர் 6ஆம் திகதி பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பம்பாயில் கலவரம். 1993 மார்ச் 12ஆம் திகதி அங்கே தொடர் குண்டுவெடிப்பு. அந்த வழக்கில் சஞ்சய் தத் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டார். கலவர நேரத்தில் குடும்பத்தைப் பாதுகாக்க வைத்திருந்தேன் என்பது அவர் தரப்பு. படம் ஐ.நா. வரை போய் மூன்று வாரம் ஆகவில்லை. 2006 நவம்பர் 28ஆம் திகதி நீதிமன்றம் அவரைப் பயங்கரவாதக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. ஆயுதச் சட்டத்தின் கீழ் குற்றவாளி என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013இல் ஐந்து வருடத் தண்டனை உறுதியானது. 2016 பெப்ரவரியில் புனே எரவாடா சிறையிலிருந்து வெளியே வந்தார்.

எரவாடா என்ற பெயரை வரலாற்று ஆசிரியர்கள் மறக்க மாட்டார்கள். காந்தியைப் பலமுறை அடைத்து வைத்ததும் அதே சிறையில்தான். திரையில் காந்தியைக் கண்டவர், காந்தி இருந்த சிறையிலேயே போய் இருந்துவிட்டு வந்தார்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டாம் பாகம் தமிழில் வரவில்லை. தெலுங்கில் 2007இல் சிரஞ்சீவி நடிக்க, பிரபுதேவா இயக்க, 'சங்கர் தாதா ஜிந்தாபாத்' என்று வந்தது. ஹிந்தியில் உண்டான அலை அங்கே உண்டாகவில்லை. முன்னா அமெரிக்கா போவதாக மூன்றாம் பாகம் ஒன்றும் அறிவித்தார்கள். அது இன்றுவரை வரவில்லை. ஒரு முறை பூத்ததை மறுபடியும் பூக்கவைப்பது லேசான காரியமில்லை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன்.

படத்தில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, எதிரிக்குப் பூக் கொடு. மற்றது, உன் பிழையை நீயே ஒப்புக்கொள். முன்னா காணி வியாபாரிக்குப் பூ அனுப்புவது சுலபமான பாதி. கஷ்டமான பாதி, அந்தப் பெண்ணிடம் போய், நான் பேராசிரியன் இல்லை, ரவுடி, உன்னிடம் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்வது. அதை ஒப்புக்கொண்டதும் அவள் அவனை விட்டுப் போய்விடுகிறாள். உண்மைக்கு உடனே பரிசு கிடைக்கவில்லை. இன்னொரு காட்சியில், கோபத்தில் சர்க்கிட்டை அடித்துவிட்டு அவனிடமே போய் மன்னிப்புக் கேட்கிறான். அடிப்பதற்கு ஒரு நொடி போதும், மன்னிப்புக் கேட்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும் என்று காந்தி அவனுக்கு உணர்த்துகிறார்.

சனங்கள் எதை எடுத்துக்கொண்டார்கள்? பூவை. பூக் கொடுத்தால் பிழை செய்தவன் எதிரில் நிற்பவன். நான் நல்லவன். போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். ஆனால் படம் பார்த்துவிட்டு வந்து, லஞ்சம் வாங்கினேன், காணி பிடித்தேன், பொய் சாட்சி சொன்னேன் என்று வரிசையில் நின்று ஒப்புக்கொண்டவர்களைப் பற்றிச் செய்தி எதையும் நான் பார்க்கவில்லை.

படத்தில் ஒரு டொக்டர் முன்னாவைச் சோதிப்பார். உனக்குத் தெரியும் காந்திக்கு, நீ வாசித்தது மட்டும்தான் தெரியும் என்று நிரூபிப்பார். முன்னா வாசிக்காத ஒன்றைக் கேட்டால் காந்தியால் பதில் சொல்ல முடியாது. சிரித்துவிட்டுப் போகும் இந்தக் காட்சிதான் ஓர் ஆசிரியராக என்னைப் பிடித்துக்கொண்டது. நம் எல்லோருக்கும் தெரியும் காந்தியும் அப்படித்தான். நாம் வாசித்த அளவு மட்டும்தான் அவர் பேசுவார். வாசிக்காவிட்டால் பூ மட்டும் கொடுப்பார்.

ஆகவே நாம் வாசிக்காத ஒரு பக்கத்தைச் சொல்கிறேன்.

படம் வெளியாகிப் பத்தாம் நாள், 2006 செப்டெம்பர் 11, சத்தியாக்கிரகத்தின் நூறாவது பிறந்த நாள். 1906இல் அதே திகதியில், ஜொஹன்னஸ்பேர்க்கில், எங்கே தெரியுமா? ஒரு தியேட்டரில். எம்பயர் தியேட்டர். எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் இந்தியரும் கைரேகை வைத்துப் பதிவு செய்து, சான்றிதழைக் கையோடு கொண்டு திரிய வேண்டும் என்று ட்ரான்ஸ்வால் அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்க்க சுமார் மூவாயிரம் பேர் கூடினார்கள். தலைமை தாங்கியவர் அப்துல் கனி. காந்தி கொண்டுவந்தது சாதாரணத் தீர்மானம். அதை வல்ல இறைவனைச் சாட்சியாக வைத்துச் சத்தியமாக எடுப்போம் என்று எழும்பிச் சொன்னவர் ஹாஜி ஹபீப் என்ற முதியவர். அதைக் கேட்டுத் தான் திடுக்கிட்டதாகக் காந்தியே பிறகு எழுதியிருக்கிறார். இறைவன் பெயரால் சத்தியம் செய்துவிட்டால் பிறகு பின்வாங்க வழியில்லை என்பது அவருக்குத் தெரியும். எல்லோரும் எழுந்து நின்று சத்தியம் செய்தார்கள். மறுநாள் அந்தத் தியேட்டர் தற்செயலாகத் தீப்பிடித்து எரிந்துபோனது.

பிறகு, 1908 ஜனவரியில், காந்தி ஜெனரல் ஸ்மட்ஸோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். நாமாக முன்வந்து பதிவு செய்வோம், அவர்கள் சட்டத்தை நீக்குவார்கள். எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. காந்தி பணம் வாங்கிக்கொண்டு சமூகத்தை விற்றுவிட்டார் என்றுகூடப் பேச்சு எழுந்தது. நம்பியவர்களில் ஒருவர் மிர் ஆலம். ஆறடி உயரமான பட்டாணியர். மெத்தை செய்து விற்பவர். காந்தியிடமே வழக்கு ஆலோசனைக்கு வந்து போனவர்.

பெப்ரவரி 10ஆம் திகதி காந்தி பதிவு அலுவலகத்துக்கு நடந்து போகும் வழியில் மிர் ஆலமும் கூட்டாளிகளும் அவரை அடித்து வீழ்த்தினார்கள். தடுக்கப்போன தம்பி நாயுடு என்ற தமிழருக்கும் யூசுப் மியானுக்கும் அடி விழுந்தது. நினைவு திரும்பியதும் காந்தி முதலில் கேட்டது மிர் ஆலம் எங்கே என்று. அவர்மீது வழக்கு வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று அரசாங்கத்துக்குத் தந்தி அடித்தார். ஆனாலும் வெள்ளையர்கள் விடவில்லை. மிர் ஆலமுக்கு மூன்று மாதக் கடூழியம்.

பிறகு ஸ்மட்ஸ் சொன்னதைச் செய்யவில்லை. ஓகஸ்ட் 16ஆம் திகதி ஜொஹன்னஸ்பேர்க் ஹமீதியா பள்ளிவாசல் வளவில் சனம் கூடியது. பெரிய இரும்புச் சட்டியில் இரண்டாயிரத்துக்கும் அதிகமான சான்றிதழ்களைப் போட்டு எரித்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு மிர் ஆலமும் வந்திருந்தார். எல்லோருக்கும் முன்னால், நான் உங்களை அடித்தது பிழை என்று ஒப்புக்கொண்டு, தன் பழைய சான்றிதழை எரிக்கக் கொடுத்தார். காந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தன் மனதில் அவர்மீது ஒருபோதும் கோபம் இருந்ததில்லை என்றார்.

முன்னா பாய் கதாசிரியர்கள் கற்பனையில் உண்டாக்கிய ரவுடி. மிர் ஆலம் உண்மையாக வாழ்ந்த மனிதர். அவர் கையில் யாரும் பூக் கொடுக்கவில்லை. அவர் கொண்டுவந்ததும் பூவல்ல, ஒப்புதல். இது நடந்தது ஒரு பள்ளிவாசல் முற்றத்தில். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே முப்பது வயதுக்குப் பிறகுதான் தெரியும்.

நமக்கும் ஒரு காலம் வந்தது. 2020 டிசெம்பரில், பிறந்து இருபது நாளான ஒரு பிஞ்சின் ஜனாஸாவைப் பெற்றோரின் சம்மதமில்லாமல் எரித்தார்கள். அதற்குப் பிறகு பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. கட்டியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள், சிங்களவர்களும் தமிழர்களும் இருந்தார்கள். கல் எறியப்படவில்லை. ஒரு முழம் கபன் துணி. அவ்வளவுதான். 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் மண்ணுக்குள் போயின. துணியால் மட்டும் அனுமதி வந்தது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் பூவால் மட்டும் ஆகவில்லை என்று சொன்னேனே, அதேபோலத்தான். ஆனால் அந்த வேலியைப் பார்த்தவர்களுக்குத் தலை குனிந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. மூன்று வருடத்துக்கு மேல் எடுத்தது. அந்த இரண்டாவது பாதி எவ்வளவு கஷ்டம் என்று அப்போது யோசித்தேன்.

மற்றவர்களைக் கேட்பது சுலபம். அரசாங்கம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அயலூரார் கேட்க வேண்டும். பள்ளி நிர்வாகம் கேட்க வேண்டும். நான்?

முன்வாங்கில் இருக்கும் இன்னொரு பையனை, அவன் தரம் 9இல் இருந்தபோது, நான் கன்னத்தில் அறைந்திருக்கிறேன். கொப்பியைக் கிழித்தது அவன் என்று நினைத்தேன். அடுத்த நாளே அவன் இல்லை என்று தெரிந்துவிட்டது. மாணவர்மீது கைவைக்கக் கூடாது என்று சுற்றுநிருபம் இருப்பதும் எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பாராட்டு, ஒரு பேனை, பரிசளிப்பில் பெயர். எல்லாம் நான் கொடுத்த ரோஜாப்பூக்கள். ஒப்புதல் இல்லாத பூக்கள்.

அடுத்த பாடவேளையில் மிர் ஆலத்தின் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, அவன் பெயரைக் கூப்பிட்டு, "அன்றைக்கு நான் உனக்கு அடித்தது பிழை. நீ செய்யவில்லை என்று தெரிந்த பிறகும் நான் சொல்லவில்லை. அதுவும் பிழை. என்னை மன்னித்துக்கொள்" என்றேன். எல்லோருக்கும் முன்னால் அடித்தேன், எல்லோருக்கும் முன்னால்தான் கேட்க வேண்டும்.

அவன் மேசையையே பார்த்துக்கொண்டு, "பரவால்ல சேர்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. உண்மையாகவே பரவாயில்லையா என்பது அவனுக்கும் இறைவனுக்கும்தான் தெரியும்.

மணி அடித்த பிறகு, ரோசாப்பூ என்று சொன்ன பையன் மேசைக்குப் பக்கத்தில் வந்தான். "சேர், அந்த மிர் ஆலத்தப் பத்திப் படம் ஒண்டும் வரலயா?"

"எனக்குத் தெரிய வரல்ல" என்றேன்.

"வந்தா நல்லாயிருக்கும் சேர்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

படம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். முன்னா பாயைப் பார்ப்பதானால் பாருங்கள், வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் படம் முடிந்ததும் பூவைப் பற்றி மட்டும் பேசாமல், முன்னா அந்தப் பெண்ணிடம் உண்மையை ஒப்புக்கொள்ளும் இடத்தைப் பற்றியும் பிள்ளைகளிடம் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.